ஆர்.பி.ஜி. ஆட்டங்களில் ‘ஸ்டாட்ஸ்’ எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை எல்லீஸ் நகரில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடி, கணினியிலும் சில சமயம் வெறும் தாளையும் பகடையையும் வைத்துக்கொண்டும், பாத்திரம் ஏற்று ஆடும் ஆட்டங்களை (ஆர்.பி.ஜி.) ஆடிவருகிறோம். புதிதாக வருகிறவர்களும், பிள்ளைகளை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் படியிலேயே நின்று வேடிக்கை பார்க்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் பதில் சொல்லி அலுத்துப்போனதால், அவற்றை எழுதி வைக்கிறேன். பையன்கள் ‘ஸ்டாட்ஸ்’ என்று சொல்வதைப் பெரும்பாலும் ‘திறனெண்’ என்று எழுதியிருக்கிறேன்.

திறனெண் என்றால் என்ன?

கேரம் ஆடும்போது காயைக் குழியில் தள்ளுவது உங்கள் விரல். விரலுக்குப் பழக்கம் இல்லையென்றால் காய் விழாது. ஆர்.பி.ஜி. ஆட்டத்தில் செயலைச் செய்பவர் நீங்கள் ஏற்றிருக்கும் பாத்திரம். நாலு பேர் நடுவே வாய் திறக்கக் கூசுகிற பிள்ளை அங்கே அரசனையே பேசி மடக்கும் தூதனாக இருக்கலாம். ஜிம்மே கதியென்று கிடக்கிறவர் அங்கே ஒரு மூட்டையைத் தூக்க முடியாத கிழவராக இருக்கலாம். ஆடுபவரின் திறமையிலிருந்து பிரித்து, அந்தப் பாத்திரத்தால் எது முடியும், எது முடியாது என்று எழுதி வைத்த கணக்குதான் திறனெண். இதில் ‘முடியாது’ என்ற பாதியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பலம் 4 என்று எழுதியிருந்தால், அந்த 4 உள்ளவனுக்குத் திறக்காத கதவு ஒன்றாவது ஆட்டத்தில் இருக்க வேண்டும். எதையும் மறுக்காத எண் வெறும் அலங்காரம்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

படைகளைப் பொம்மைகளாக மேசைமேல் நகர்த்தி ஆடும் போர் ஆட்டங்களிலிருந்து வந்தன. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் இருவரும் 1974இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, படைப்பிரிவுக்குப் பதிலாக ஒரு தனி ஆளை ஆடுபவர் கையில் கொடுத்து, அந்த ஆளுக்குப் பலம், அறிவு, விவேகம், உடல் உரம், லாவகம், முகராசி என்று பொருள்படும் ஆறு எண்களைத் தந்தது. ஒவ்வொரு எண்ணும் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டிப் பெறப்பட்டது. இன்று நீங்கள் கணினியில் காணும் ஏறக்குறைய எல்லாத் திறனெண் பட்டியல்களுக்கும் இந்த ஆறுதான் பாட்டன், பூட்டன்.

ஏன் மூன்று பகடை, ஒன்று போதாதா என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் அத்தையின் தாயக்கட்டையைக் காட்டுவேன். சிவராத்திரிக் கண்விழிப்பில் திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டு விடியவிடிய ஆடுவார். அந்தப் பித்தளைக் கட்டை ஒவ்வொன்றுக்கும் நான்கு நீளப் பக்கங்கள்; ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், நான்காவது பக்கம் வெறுமை. இரண்டையும் சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். அவற்றில் மூன்று விழுவதற்கு 4 வழிகள், தாயம் விழுவதற்கு 2 வழிகள், ஆறு விழுவதற்கு ஒரே வழி, இரண்டும் வெறுமையாக விழுந்து பன்னிரண்டு ஆவதற்கும் ஒரே வழி. தாயம் விழாமல் காய் இறக்க முடியாமல் ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பதும், மூன்று மட்டும் சலிக்காமல் விழுந்துகொண்டிருப்பதும் இதனால்தான். அத்தை இதைக் கணக்காகச் சொல்லமாட்டார். ஆனால் எந்தக் காயை எத்தனை கட்டம் தள்ளி நிறுத்தினால் வெட்டுப்படாது என்பது அவர் கைக்குத் தெரியும்.

மூன்று ஆறுமுகப் பகடைகளிலும் இதே கதைதான், கொஞ்சம் பெரிய அளவில். மொத்தம் 216 வழிகளில் 18 என்பது ஒரே ஒரு வழியில்தான் வரும். 10ம் 11ம் தலா 27 வழிகளில் வரும். ஊரில் பெரும்பாலோர் நடுத்தரமாகவும், பயில்வானும் நோஞ்சானும் அபூர்வமாகவும் இருப்பதை இந்தக் கூட்டல் தானாகவே கொண்டுவந்துவிடுகிறது. ஒற்றைப் பகடையில் பயில்வானும் நடுத்தர ஆளும் ஒரே எண்ணிக்கையில் பிறந்திருப்பார்கள்.

கணினிக்கு எப்படி வந்தன?

வேகமாக வந்தன. மேசை ஆட்டம் வெளியான அடுத்த ஆண்டே, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருந்த பிளேட்டோ என்ற கணினி அமைப்பில் மாணவர்கள் அதன் சாயலில் ஆட்டங்களை எழுதிவிட்டார்கள். 1981இல் ‘விசார்ட்ரி’, ‘அல்டிமா’ இரண்டும் வந்தன. 1986இல் ஜப்பானில் ‘டிராகன் குவெஸ்ட்’ அதை வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கொண்டுசென்றது. கதை சொல்லவோ படம் காட்டவோ அன்றைய இயந்திரங்களுக்குத் தெம்பு இல்லை. கூட்டலும் கழித்தலும் அவற்றுக்குக் கைவந்த கலை. ஆகவே, மேசை ஆட்டத்தில் நடிப்பும் பேச்சும் எண்ணும் கலந்திருந்தவற்றில் எண் மட்டும் முழுதாக இயந்திரத்துக்குள் வந்து சேர்ந்தது.

பலத்தில் ஒரு புள்ளி கூட்டினால் உண்மையில் என்ன ஆகிறது?

இதுதான் உருப்படியான கேள்வி. பெரும்பாலோர் இதைக் கேட்காமலேயே புள்ளிகளைப் போட்டுவிடுகிறார்கள். எண்ணுக்குப் பின்னால் ஒரு வாய்பாடு இருக்கிறது. அந்த வாய்பாட்டைப் பொறுத்தே எண்ணின் மதிப்பு.

டிராகன் குவெஸ்ட் தொடரின் அடிப்படைக் கணக்கு எளிது: தாக்குபவரின் தாக்குதல் எண்ணில் பாதியை எடுத்து, அதிலிருந்து எதிரியின் தற்காப்பு எண்ணில் கால் பங்கைக் கழிக்க வேண்டும். வருவதைச் சுற்றிச் சற்றே கூடவோ குறையவோ அடி விழும். உங்கள் தாக்குதல் 40, எதிரியின் தற்காப்பு 20, அவன் உயிர்ப்புள்ளி, அதாவது எவ்வளவு அடி தாங்குவான் என்ற எண், 60 என்று வைத்துக்கொள்வோம். 20இல் 5 போக அடிக்கு 15. நான்கு அடியில் சாவான். கடையில் கையிருப்பைக் கொட்டி ஒரு கத்தி வாங்குகிறீர்கள், தாக்குதல் 46 ஆகிறது. இப்போது அடிக்கு 18. மூன்று அடியில் 54தான் ஆகிறது. நான்காவது அடி இன்னும் தேவைப்படுகிறது. காசு போயிற்று, சண்டை ஒரு நொடிகூடக் குறையவில்லை. இன்னும் பொறுத்திருந்து தாக்குதலை 50 ஆக்கும் கத்தியை வாங்கியிருந்தால் அடிக்கு 20, சரியாக மூன்றே அடி. எதிரிக்குத் திருப்பி அடிக்க ஒரு வாய்ப்புக் குறைகிறது. எனவே கத்தியின்மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்ப்பதைவிட அடிகளின் எண்ணிக்கை குறைகிறதா என்று பார்ப்பதே சூட்சுமம்.

இது கழித்தல் கணக்கு. இதில் ஒரு கோணல் உண்டு: எதிரியின் தற்காப்பு உயர்ந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் உங்கள் அடி ஏறக்குறைய பூஜ்யமாகிவிடும், சிறிய வித்தியாசம் பெரிய சுவராக நிற்கும். போக்கிமான் தொடர் வகுத்தல் கணக்கைக் கையாள்கிறது; தாக்குதலைத் தற்காப்பால் வகுப்பதால் தற்காப்பு இரட்டித்தால் அடி ஏறத்தாழ பாதியாகும், ஆனால் பூஜ்யமாகாது. முதல் வகையில் பலவீனமானவன் முட்டி மோதித் தோற்பான். இரண்டாம் வகையில் நேரமெடுத்தாவது ஏதோ செய்வான். ஓர் ஆட்டத்தின் குணமே இந்த ஒரு கணக்குக் குறியில் மாறிவிடுகிறது.

பகடையோடு நிகழும் ஆட்டங்களில் இன்னொரு விவரம். 2000ஆம் ஆண்டு வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பிலிருந்து, திறனெண்ணில் 10ஐக் கழித்து இரண்டால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு வருவதே இருபதுமுகப் பகடையோடு கூட்டப்படுகிறது. ஆகவே 14க்கும் கூட்டல் 2தான், 15க்கும் கூட்டல் 2தான். அதே ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் விதிகளைப் பின்பற்றி 2023இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’இல் எங்கள் கூட்டத்துப் பையன் ஒருவன் ஆறு எண்ணையும் ஒற்றைப்படையில் நிறுத்திவைத்துவிட்டு, ஆட்டம் தன்னை ஏமாற்றுவதாகக் குறைபட்டுக்கொண்டான்.

திரையில் காட்டும் எல்லா எண்களும் வேலை செய்கின்றனவா?

நம்பித்தான் ஆடுகிறோம். ஆனால் 1987இல் வந்த முதல் ‘ஃபைனல் ஃபேன்டசி’யில் அறிவு என்ற எண் திரையில் கம்பீரமாக ஏறிக்கொண்டே போகும், மந்திரத்தின் வலுவை அது மாற்றவே மாற்றாது, நிரலில் நேர்ந்த பிழை. அறிவாளி மந்திரவாதி என்று நினைத்துத் தங்கள் ஆளை வளர்த்த பிள்ளைகள் உண்மையில் மனத்துக்குள்தான் அவனை வளர்த்தார்கள். மறுஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் நேர்மாறான வேடிக்கை: எந்தத் திறனைப் பயன்படுத்துகிறோமோ அதுவே வளரும் என்று விதி வைத்தார்கள். அடிவாங்கினால் உயிர்ப்புள்ளி வளரும் என்று கண்டுகொண்டவர்கள், எதிரியை விட்டுவிட்டுச் சொந்த அணியினரையே ஒருவரையொருவர் அடிக்கவைத்துத் தேற்றினார்கள். எதற்கு எண் கூடுகிறதோ அதைத்தான் ஆடுபவர் செய்வார், வடிவமைத்தவர் மனத்தில் நினைத்ததை அல்ல.

95 சதவீதம் வாய்ப்பு என்று காட்டிவிட்டு அடி தவறுகிறதே, ஆட்டம் பொய் சொல்கிறதா?

பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. 95 சதவீத அடியை இருபது முறை அடித்தால், ஒரு முறையாவது தவறுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 சதவீதம். தவறிய ஒன்றை மட்டும் மனம் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்கிறது. சுவாரசியம் என்னவென்றால், பொய் சொல்லும் ஆட்டங்கள் உங்களுக்குச் சாதகமாகவே சொல்கின்றன. 2002இல் வந்த ‘ஃபயர் எம்பளம்’ ஆட்டத்திலிருந்து அந்தத் தொடரின் பல பாகங்கள் ஓர் எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியைப் பார்க்கின்றன. அதனால் திரையில் 70 என்று காட்டும் அடி உண்மையில் சுமார் 82 சதவீதமும், 90 என்று காட்டுவது சுமார் 98 சதவீதமும் பலிக்கிறது. தாயக்கட்டை இரண்டாக இருப்பதால் நடுவில் குவிகிறதே, அதே சங்கதிதான்.

எண்கள் சண்டைக்கு மட்டும்தானா? பாத்திரம் என்ற சொல்லுக்கு இதில் என்ன வேலை?

எனக்குப் பிடித்த கேள்வி இது, விரிவாகவே சொல்கிறேன்.

1997இல் வந்த ‘ஃபால்அவுட்’ ஆட்டத்தில் ஏழு திறனெண்கள், ஒவ்வொன்றும் 1 முதல் 10 வரை. எல்லாம் 5இல் தொடங்கும், மேலே பகிர்ந்துகொள்ள 5 புள்ளிகள் கிடைக்கும். வேண்டுமானால் ஒன்றைக் குறைத்து மற்றொன்றில் போடலாம். அறிவை அடிமட்டத்துக்கு இறக்கி அந்தப் புள்ளிகளைப் பலத்தில் கொட்டினால் சண்டையில் லாபம்தானே என்று முதன்முறை ஆடியபோது நானும் செய்தேன். ஊருக்குள் நுழைந்து முதல் ஆளிடம் பேச்சுக் கொடுத்தால், என் பாத்திரத்துக்கு வாக்கியமே வரவில்லை. உறுமலும் முனகலும்தான் தேர்ந்தெடுக்கக் கிடைத்தன. எதிரில் நின்றவர் பரிதாபப்பட்டார் அல்லது விரட்டினார். வேலை தரவேண்டியவர்கள் தரவில்லை. இருபது நிமிடத்தில் ஆட்டத்தை மூடிவிட்டு, இரவு முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வசனம் எழுதியவர், அதே காட்சியை அறிவு குறைந்தவனுக்காக இன்னொரு முறை உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ஓர் எண், உலகம் என்னைப் பார்த்த பார்வையையே மாற்றியிருந்தது. கத்தியின் கூர்மையைக் கூட்டும் எண்ணிலிருந்து இந்த எண் வேறு சாதி.

2019இல் வந்த ‘டிஸ்கோ எலிசியம்’ இதை அடுத்த படிக்குக் கொண்டுபோனது. நான்கு அடிப்படைப் பண்புகள், ஒவ்வொன்றின் கீழும் ஆறாக 24 திறன்கள். சண்டை என்று தனியாக ஒரு பகுதியே கிடையாது. துப்பறியும் நாயகனின் மண்டைக்குள் அந்தத் திறன்கள் ஆளாளுக்குப் பேசுகின்றன. பொது அறிவுத் திறன் அதிகமாக இருந்தால், கொலை விசாரணைக்கு நடுவே யாருக்கும் வேண்டாத தகவல்களை அது ஓயாமல் ஓதிக்கொண்டிருக்கும். கல்யாண வீட்டில் பந்திக்கு நடுவே வரலாறு சொல்லும் சித்தப்பா நம் எல்லார் குடும்பத்திலும் உண்டு அல்லவா, அவர் மண்டைக்குள்ளேயே குடியிருப்பது போல. அதிக எண் எப்போதும் நல்லது என்ற எண்ணத்தை இப்படி உடைத்த ஆட்டம் வேறொன்றை நான் ஆடியதில்லை. அங்கே இரண்டு பகடைகளைக் கூட்டுகிறார்கள்; இரண்டு ஆறு விழுந்தால் எவ்வளவு தத்தியும் வெல்வான், இரண்டு ஒன்று விழுந்தால் எவ்வளவு மேதையும் தோற்பான். இரண்டுக்கும் 36இல் ஒரு வாய்ப்பு.

லெவலும் திறனெண்ணும் ஒன்றா?

இல்லை. லெவல் என்பது எத்தனை முறை புள்ளி வாங்கியிருக்கிறீர்கள் என்ற கணக்கு. அந்தப் புள்ளிகள் எங்கே போயின என்பதைத் திறனெண் சொல்லும். லெவல் ஏறும்போது எதிரிகளும் கூடவே ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு 2006இல் வந்த ‘ஆப்லிவியன்’ நல்ல சாட்சி: நாள் போகப்போக, விலைமதிப்பற்ற கண்ணாடிக் கவசம் பூண்ட வழிப்பறிக்காரன் மறித்து நின்று நூறு பொற்காசு கேட்பான். கழுத்து நிறைய நகை போட்ட திருடன் பத்து ரூபாய்க்கு மிரட்டுவது போல.

புள்ளிகளை எல்லாவற்றிலும் சமமாகப் போடலாமா?

வேண்டாம். ‘எல்டன் ரிங்’ (2022) ஆடுகிறவர்களே இதை அதிகம் கேட்பதால் அதன் கணக்கையே சொல்கிறேன். அங்கே உயிர்ப்புள்ளியைத் தருவது விகர் என்ற எண். அது 10 ஆக இருக்கும்போது உயிர்ப்புள்ளி 414, 40இல் 1450, 60இல் 1900, உச்சமான 99இல் 2100. அதாவது முதல் 30 புள்ளிகள் ஆயிரத்துக்குமேல் தருகின்றன, அடுத்த 20 புள்ளிகள் 450 தருகின்றன, கடைசி 39 புள்ளிகள் சேர்ந்து வெறும் 200 தருகின்றன. நஞ்சை நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போலத்தான். வேருக்குத் தேவையானது போனபின் மடையைத் திறந்து வைத்திருப்பதில் புண்ணியமில்லை, அடுத்த வயலுக்குத் திருப்ப வேண்டும். முதலில் விகரை 40 வரை கொண்டுபோங்கள், பிறகு நீங்கள் கையில் ஏந்தும் ஆயுதம் எந்த எண்ணைக் கேட்கிறதோ அந்த ஒன்றில் இறங்குங்கள். பலம், மந்திரம், பக்தி என்று மூன்றிலும் பத்துப் பத்தாகத் தூவியவர்கள்தான் எங்கள் மாடியில் அதிகமாகச் சத்தம் போடுகிறவர்கள்.

தவறாகப் போட்டுவிட்டேன், மாற்ற முடியுமா?

இன்று பெரும்பாலும் முடியும். பால்டர்ஸ் கேட் 3இல் நூறு பொற்காசு கொடுத்தால் முழுக்க மாற்றி எழுதலாம். 2000இல் வந்த ‘டயாப்லோ 2’இல் 2010 வரை அதற்கு வழியில்லாமல் இருந்தது, நாற்பது மணி நேரம் வளர்த்த ஒரு மந்திரக்காரியை, மந்திரசக்தியைக் கூட்டும் எனர்ஜி என்ற எண்ணில் அளவுக்கு மீறிப் புள்ளி போட்ட குற்றத்துக்காக நான் கைவிட்டேன். அது கொடுமை என்பேன். ஆனால் நினைத்தபோதெல்லாம் மாற்றலாம் என்றால் முடிவெடுப்பதில் ருசியும் போய்விடுகிறது. கொஞ்சம் செலவு வைத்து மாற்ற விடுவதே நியாயம்.

புதிய ஆட்டங்கள் எண்களைக் குறைக்கின்றனவே?

‘மாரோவிண்ட்’ (2002) எட்டுப் பண்புகளோடு வந்தது. அதே தொடரின் ‘ஸ்கைரிம்’ (2011) அந்த எட்டையும் நீக்கி, உயிர், மந்திரசக்தி, தெம்பு என்ற மூன்றையும் 18 திறன்களையும் மட்டும் வைத்துக்கொண்டது. மாரோவிண்டில் கத்தி எதிரியின் உடலில் பட்டதைக் கண்ணால் பார்ப்போம், ஆனாலும் பகடை தவறியதால் அடி விழவில்லை என்பார்கள். கண்ணும் கணக்கும் முரண்பட்ட அந்த எரிச்சல் தீர்ந்தது நல்லதே. கூடவே, அறிவில்லாதவனாகவோ முகராசி இல்லாதவனாகவோ ஆடும் வாய்ப்பும் போய்விட்டது. எனக்கு இது நஷ்டக் கணக்குதான்.

மொபைல் ஆட்டத்தில் எண் கூட்டப் பணம் கேட்கிறான் என் மகன். கொடுக்கலாமா?

அவன் ஆடுவது எந்த வகை என்று முதலில் பாருங்கள். ‘கென்ஷின் இம்பாக்ட்’ (2020) போன்றவற்றில் நல்ல பாத்திரம் கிடைப்பதே குலுக்கல்தான். ஐந்து நட்சத்திரப் பாத்திரத்துக்கு ஒரு குலுக்கலில் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், 90ஆவது குலுக்கலுக்குள் உறுதி. அதன்பின் அணிகலன்களில் எந்தத் துணை எண் ஏறும் என்பதும் குலுக்கல். திறனெண் இங்கே ஆடுபவர் எடுத்த முடிவின் கணக்காக இல்லாமல், உருட்டிய பகடைகளின் ரசீதாக ஆகிவிடுகிறது. காசு போடாமலும் அதை ஆட முடியும். மாதம் இவ்வளவு என்று வரம்பு கட்டிவிட்டுப் பேசுங்கள். வீட்டில் கார்டு எண்ணைச் சேமித்து வைத்த கைபேசியைக் கொடுக்காதீர்கள்.

மறைத்து வைத்த எண்கள் உண்டாமே?

உண்டு. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்குக் கை அசைவது தெரியும், தொகை தெரியாது. போக்கிமானில் ஒரே இனம், ஒரே லெவலில் உள்ள இரண்டு பிராணிகள் வெவ்வேறு வலுவோடு இருப்பது அப்படி மறைந்த எண்ணால்தான். மூன்றாம் தலைமுறை ஆட்டங்களிலிருந்து அது ஒவ்வொரு திறனுக்கும் 0 முதல் 31 வரை பிறப்பிலேயே அமைகிறது.

இந்தச் சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்வது?

எங்கள் தாள்களில் பலம், லாவகம், தாங்குதிறன், படிப்பு, முகராசி என்று எழுதுகிறோம். தகராறு ‘விஸ்டம்’ என்பதில்தான் வந்தது. ஞானம் என்று போட்டால் சாமியார் வாடை அடிக்கிறது. விவேகம் என்றால் பாடப்புத்தகம். அந்த எண் ஆட்டத்தில் செய்யும் வேலையோ, காலடியில் பொறி இருப்பதைக் கவனிப்பது, எதிரில் பேசுகிறவன் பொய் சொல்வதை மோப்பம் பிடிப்பது. ஒரு மாலை அத்தை கீழே வாசலில் நின்று, புறப்பட்ட பையனிடம் ‘சூதானமாப் போயிட்டு வாய்யா’ என்றார். அன்றிலிருந்து எங்கள் தாளில் அதற்குச் ‘சூதானம்’ என்று பெயர்.

நாங்களே ஓர் ஆட்டம் உருவாக்கினால் எத்தனை திறனெண்கள் போதும்?

சென்ற பொங்கலை ஒட்டி அலங்காநல்லூர் வாடிவாசலைக் களமாக வைத்துத் தாளில் ஓர் ஆட்டம் எழுதினோம். ஒன்பது எண்களோடு தொடங்கினோம். மூன்று வாரம் ஆடியபின், எந்த எண்ணை எத்தனை முறை உருட்டினோம் என்று கணக்குப் பார்த்ததில், ‘வேகம்’ ஒருமுறைகூட உருட்டப்படவில்லை. காளையிடமிருந்து விலகும் வேலை முழுவதையும் லாவகம் எடுத்துக்கொண்டிருந்தது. அதை அடித்தோம். பலமும் பிடியும் ஒரே வேலையைச் செய்தன, பிடியை அடித்தோம். இப்படிக் கழித்துக் கழித்துப் பலம், லாவகம், சூதானம், முகராசி என்று நான்கில் வந்து நிற்கிறது. ஐந்தாவதாகக் ‘கௌரவம்’ வேண்டும் என்று பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வாராவாரம் வாதாடுகிறான். அது இல்லாதவனுக்கு எந்தக் கதவு திறக்காது என்று கேட்டால், அடுத்த வாரம் சொல்கிறேன் என்கிறான்.